பழைய ஹாங்கி-டாங்க்கைத் திரும்பத் திறக்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஹாங்கி-டாங்க் என்றால் குடி, ஆட்டம், நேரடி இசை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் சாதாரண சனங்களின் இடம், அமெரிக்காவின் கன்ட்ரி இசை பார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ரைமன் அரங்கத்தை ஒட்டி ஒரு குறுகிய சந்து போகிறது. 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வாராந்திர வானொலிக் கச்சேரி இந்த அரங்கத்தில்தான் நடந்தது. பாடி முடித்தவர்களும், தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும் சந்தைத் தாண்டினால் டூட்ஸீஸ் பாரின் பின்கதவு. 1960-ல் அந்த பாரை எடுத்து நடத்த ஆரம்பித்த டூட்ஸி பெஸ், கையில் காசில்லாத பாட்டுக்காரர்களுக்குக் கடனுக்கு ஊற்றிக் கொடுத்து, கடன் சீட்டுகளை ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைப்பாராம். பின்னாளில் புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனை ஊருக்குத் தெரியாத காலத்தில் அவர் வந்து உட்கார்ந்த இடம் அது.

1974-ல் ஆப்ரி நகரத்துக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச காலத்தில் தெருவே படுத்துவிட்டது. பாரின் ஊதாச் சுவர் அப்படியேதான் இருந்தது. பின்கதவு வழியாக வரத்தான் ஆளில்லை. 1994-ல் ரைமனைப் புதுப்பித்துத் திறந்தார்கள், தெருவுக்கும் மெல்ல உயிர் வந்தது.

ஒரு பழைய கன்ட்ரி இசை பாரை வாங்குகிறவர்களுக்கு முதலில் தப்பிப்போவது இந்தச் சந்துதான். பார் தன்பாட்டில் தனியாக நின்றதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது எது? பக்கத்து அரங்கமா, ஆலையின் ஷிப்டா, நெடுஞ்சாலையா? அது இப்போது இருக்கிறதா? இதைக் கேட்காமல் பெயின்ட் டப்பாவைத் திறப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது, பெயரை வாங்கிவிட்டால் இடத்தையே வாங்கியதாக எண்ணிக்கொள்வது. டெக்சஸின் பாசடீனாவில் பாடகர் மிக்கி கில்லி பெயரில் ஒரு பிரம்மாண்டமான பார் இருந்தது. சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். வேலை முடிந்து வருகிறவர்கள்தான் அதன் சனம். ஜான் டிரவோல்டா நடித்து 1980-ல் வெளியான படம் ஒன்று அங்கே எடுக்கப்பட்டு, ஏறி உட்கார்ந்தால் உலுக்கித் தள்ளும் இயந்திரக் காளை ஒன்று, அங்கிருந்தது, உலகப் புகழ் பெற்றது. நாடெங்கும் பார்க்காரர்கள் ஆளுக்கொரு காளை வாங்கி வைத்தார்கள். மோகம் வடிந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கில்லிக்கும் அவருடைய கூட்டாளிக்கும் இடையிலான சண்டை கோர்ட்டுக்குப் போனது. 1989-ல் கடை மூடப்பட்டது, மறுவருடம் தீயில் போனது. பின்னாளில் டாலஸில் அதே பெயரில் ஒன்று திறந்தார்கள். பெரிய இடம், நல்ல இடம்தான். ஆனால் பாசடீனாவின் ஆலைச் சனம் டாலஸுக்குக் குடிவரவில்லை. பெயரின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது என்பது தனிக் கதை.

அப்புறம் இந்த அழகுபடுத்தும் ஆசை. டெக்சஸ் பக்கம் ஜோடிகள் 'டூ-ஸ்டெப்' ஆடும்போது தளத்தைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அதற்குத் தடங்கலில்லாத நீளமான தளம் வேண்டும். வருமானக் கணக்குப் பார்க்கிற புது முதலாளியின் கண்ணில் அந்தத் தளம் காலி இடமாகத் தெரியும். நாலு மேசை, மூலையில் ஒரு விஐபி சோபா என்று இறக்கிவிடுவார். அந்த இரவோடு ஆட்டம் முடிந்தது. ஆடியவர்கள் சண்டை போட மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள், அவ்வளவுதான். ஆஸ்டினில் 1964-ல் ஜேம்ஸ் வைட் திறந்த 'புரோக்கன் ஸ்போக்' இதற்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் புது அடுக்குமாடிகள் எழும்பின. தாழ்வான கூரையும் ஆட்டத் தளமும் இருந்த இடத்தில் இருந்தன. 2021-ல் அவர் இறந்த பிறகும் குடும்பத்தார் அப்படியே நடத்துகிறார்கள்.

பாட்டுக்காரர்களின் கூலியைக் கடைசியாக யோசிப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். நாஷ்வில் பிராட்வே தெருவில் பெரும்பாலான பார்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு குழு நான்கு மணி நேரம் வாசிக்கும். இடையில் டிப்ஸ் ஜாடி மேசை மேசையாகச் சுற்றும். சட்டைப்பையில் பத்து டாலர் மிச்சமிருக்கிறவர்தான் ஜாடியில் போடுவார். பீர் விலையை ஏற்றினால் முதலாளி கைவைப்பது உண்மையில் அந்த ஜாடியில்தான். அதே தெருவில் 'ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட்' வறுத்த பலோனி இறைச்சி சாண்ட்விச்சையும் ஒரு பீரையும் சேர்த்து மலிவு விலையில் வைத்திருப்பது வெறும் தர்மமல்ல, நல்ல கணக்கு.

ராபர்ட்ஸ் கதையே ஒரு பாடம். ஸ்டீல் கிட்டார் செய்யும் 'ஷோ-பட்' நிறுவனம் இருந்த கட்டடம், பிறகு பூட்ஸ் கடை, பிறகு பூட்ஸோடு பீரும் இசையும். 1990-களின் நடுவில் 'பிஆர்5-49' என்ற இளைஞர் குழு அங்கே டிப்ஸுக்காக வாசித்தது. அரை நூற்றாண்டுப் பழைய பாட்டுகளோடு தங்கள் சொந்தப் பாட்டுகளையும் கலந்து அடித்தார்கள். தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1999-ல் அந்த பாரை வாங்கிய ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ் பிரேசிலில் பிறந்தவர், தானே மேடையேறிப் பாடுகிறவர். பழைய ஹிட் பாட்டுகளை மட்டும் திருப்பித் திருப்பிப் போடுகிற பார்களும் உண்டு. அதற்கு மேடை எதற்கு, காசு போட்டால் பாட்டுப் போடும் ஒரு ஜூக்பாக்ஸ் பெட்டி போதுமே.

சத்தம் வெளியே போகாமல் இருக்க மலிவான நுரைப் பஞ்சைச் சுவரில் ஒட்டாதீர்கள். 2003-ல் ரோட் ஐலண்டில் ஒரு ராக் கிளப்பில் மேடை மத்தாப்பு அந்தப் பஞ்சில் பற்றி 100 பேர் இறந்தார்கள்.

இனி, திறப்பு விழாக் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்குவது. லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட்டில் இருந்த 'பாலமினோ' என்ற கன்ட்ரி இசை கிளப் 1995-ல் மூடிய பிறகு விருந்து மண்டபமாகிவிட்டது. 2018-ல் ஒரே ஓர் இரவுக்கு மட்டும் பழைய பெயரோடு அங்கே கச்சேரி வைத்தார்கள். அப்படிப்பட்ட இரவுக்குப் பழைய ஆட்கள் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள், கண் கலங்குவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பாலமினோ ஓடிய காலத்தில் புதியவர்கள் வந்து பாடிப் பார்க்கவென்றே அங்கே திறமை இரவுகள் நடந்தன. அவர்களோடு அண்ணன் தம்பி, கூட வேலை பார்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டமும் வந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு பீர் விற்பது அந்தக் கூட்டத்தை நம்பித்தான்.