காட்டுத்தீப் புகை: ஈரத்துண்டை நம்பி ஏமாறாதீர்கள்

மாசி, பங்குனியில் அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி பக்கம் காடு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். மூங்கிலும் உண்ணிச்செடியும் காய்ந்து கிடக்கும். அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும்.

"தீ மலைமேலதானே, நமக்கென்ன" என்று இருப்பதுதான் முதல் தவறு. ராத்திரி காற்று குளிர்ந்ததும் புகை பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். விடிகாலையில்தான் ஊருக்குள் அதிகம். அந்த நேரத்தில் நடைப்பயிற்சி வேண்டாம். வயல் வேலையையும் புகை கலைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஈரத்துண்டு. வாயில் கட்டினால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அதனாலேயே ஆபத்து. நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சின்னவை, தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. துண்டின் இழைக்குள் அவை தாராளமாக நுழையும். என்95 மாஸ்க்தான் உதவும், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் அழுத்திப் போட்டால். தாடி இருந்தால் ஓரத்தில் புகை கசியும்.

கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு என்று பற்றவைப்பவர்களும் உண்டு. அப்புறம் சாத்தி என்ன பயன்? வெளியே புகை குறைந்ததும் ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் "இப்போ நல்லாத்தான் இருக்கு" என்று தினசரி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் கஷாயம் போட்டுக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆடு மேய்க்கவோ சுள்ளி பொறுக்கவோ போன இடத்தில் தீ சூழ்ந்தால் மேட்டைப் பார்த்து ஓடாதீர்கள். அனல் மேலே ஏறி, மேட்டில் இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவில் தீ மனிதனை முந்திவிடும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ பிடித்ததும் சரிவில்தான். பக்கவாட்டிலோ கீழேயோ விலகி, வெறும் பாறை, அகன்ற மணல் ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம், இப்படி எரிய ஒன்றுமில்லாத இடத்துக்குப் போங்கள். குறுகலான ஓடைப்பள்ளம் வேண்டாம், அனல் அதன் வழியாகத்தான் பாயும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும்; காட்டுக்குப் போகும்போது பருத்திதான் நல்லது.

தீ அணைந்த பிறகு முற்றத்துச் சாம்பலை அப்படியே பெருக்கினால் அத்தனையும் மறுபடி மூச்சில் ஏறும். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள், மாஸ்க்கோடு. மாந்தோப்புச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தையும் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரமாவது நிற்கும்.