பழைய பிரெஞ்சுச் சுவர் விளக்கு: கெடுக்காமல் மீட்பது எப்படி?

1925-இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியை ஒட்டிய ஆண்டுகளில், வெண்கலச் சட்டமும் அச்சில் அழுத்திய கண்ணாடியுமாகப் பிரான்சில் நிறையச் சுவர் விளக்குகள் செய்தார்கள். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், உடனே துணியை எடுக்காதீர்கள். முதலில் நன்றாகப் பாருங்கள்.

1. கண்ணாடியின் விளிம்பருகே செய்தவர் பெயர் இருக்கிறதா? டெகே, முல்லர் ஃப்ரேர் போன்ற பெயர்கள் தென்படலாம். புகழ்பெற்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945-இல் மறைந்தார். அதற்குப் பிந்தைய லாலிக் பொருட்களில் பெயருக்கு முன்னிருந்த 'ஆர்' (R) எழுத்து இராது. ஆனால் போலிக் கையெழுத்துகளும் உண்டு, அதை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம்.

2. சட்டத்தில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் வெண்கலம் என்று சொல்லிவிட முடியாது. சுவர்ப்பக்கம் மறையும் இடத்தில் ஊசியால் லேசாகக் கீறுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலமோ பித்தளையோ. சாம்பல் வெள்ளை என்றால் துத்தநாகக் கலவை.

3. சுத்தம் செய்வதில்தான் பலர் விளக்கைக் கெடுத்துவிடுகிறார்கள். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் சாம்பலும் இதற்கு ஆகவே ஆகாது. சட்டத்தில் தெரியும் பழுப்பு நிறம் பெரும்பாலும் அழுக்கு அல்ல. பட்டறையில் ரசாயனமும் சூடும் கொடுத்து வேண்டுமென்றே ஏற்றியது. சிலவற்றில் மெல்லிய தங்கப்பூச்சோ நிக்கல் பூச்சோ இருக்கும். ஒருமுறை தேய்த்துவிட்டால் அது திரும்பாது. மென்மையான பிரஷால் தூசு தட்டி, சற்றே ஈரமான பருத்தித் துணியால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். கண்ணாடியைத் தனியே கழற்றி, தொட்டியின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டுக் கழுவுங்கள்.

4. துணி சுற்றிய பழைய வயரை அப்படியே விடக் கூடாது. உள்ளிருக்கும் ரப்பர் பொடிந்து, சட்டம் முழுவதும் மின்சாரம் பாயலாம். எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் புது வயர் போடுங்கள். உலோகச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். பிரான்சிலும் 230 வோல்ட்தான். பழைய பிரெஞ்சு விளக்குகள் பலவற்றில் நம் வீட்டு இரண்டு முனை பல்பு அப்படியே பொருந்தும்.

5. அதிகம் சூடேறாத, மஞ்சள் ஒளி தரும் எல்இடி பல்பு போதும். சட்டத்தைச் சுவரில் திருகிய பிறகே கண்ணாடியை மாட்டுங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் திருகுகளை விரலால் முடுக்கினால் போதும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.