ஃபைபர் நெட் விட்டுவிட்டு வருகிறதா? முதலில் பவர் பாருங்கள்

டிவிக்குக் கறுப்பு ஒயர் இழுத்த அதே கேபிள்காரர்தான் இப்போது ஃபைபரும் இழுக்கிறார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பிஎஸ்என்எல் ஃபைபர்கூட உள்ளூர் கேபிள்காரர் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. நெட் அறுந்தால் அவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். நாம் புது ரவுட்டர் பார்க்கக் கிளம்புவோம். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: ஃபைபர் வழியாக வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் பலம், அதாவது பவர். என் வீட்டுத் தொல்லை அதைப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது.

படி 1: விளக்குகள்

ஃபைபர் வந்து சேரும் வைஃபை பெட்டியில் பான் (PON) என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை அல்லது போதவில்லை, ஆளைக் கூப்பிடுங்கள். பான் சரியாக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால், முதலில் இந்த மாதப் பணம் கட்டியாயிற்றா என்று பாருங்கள்.

படி 2: பெட்டிக்குள் நுழைவது

வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். முகவரி வேறாக இருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அங்கேயேதான். ஸ்டேட்டஸ் பக்கத்தில் பான் அல்லது ஆப்டிகல் என்ற பகுதியைத் திறந்து, ஆர்எக்ஸ் பவர் (RX Power) என்ற வரியைத் தேடுங்கள்.

படி 3: அந்த எண்ணைப் படிப்பது

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். எண் மைனஸில் இருக்கும், அளவு டிபிஎம் (dBm). -19 நல்லது, -27 மோசம். 27 பெரிய எண்தானே என்று ஏமாற வேண்டாம். 3 குறைந்தால், அதாவது -19 இருந்தது -22 ஆனால், ஒளி பாதியாகிவிடும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வீட்டு ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு -27 பக்கம்தான் எல்லை. என் கணக்கு: -15 முதல் -23 வரை நிம்மதி, -25ஐத் தாண்டி -26, -27 என்று இறங்கினால் கேபிள்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும். மழை, காற்று என்று ஏதாவது வந்தால் முதலில் அறுவது அப்படிப்பட்ட இணைப்புதான். ஒளி அதிகமானாலும் ஆகாது. -8க்கு மேல், -7, -6 என்று போனால் பெட்டி திணறும்.

இணைப்பு கொடுத்த அன்றே இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஃபைபர் எங்கும் அறுபடாமலேயே பவர் குறையும். பக்கத்துத் தெருவுக்குப் புது இணைப்பு கொடுக்கும்போது, உங்களுக்கு வரும் ஃபைபரிலேயே இன்னொரு ஸ்பிளிட்டரை, அதாவது ஒளியைப் பிரிக்கும் கருவியைப் போடுவதும் உண்டு. ஒன்றை இரண்டாகப் பிரித்தாலே 3க்குக் கொஞ்சம் மேல் போய்விடும். நேற்று -22 இருந்தது இன்று -26 ஆனால், காரணம் உங்கள் வீட்டில் இல்லாமல் தெருவில் இருக்கலாம்.

படி 4: வீட்டுக்குள் சரிசெய்ய முடிந்தவை

டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பேட்ச் கார்டு (பெட்டியில் செருகும் மெல்லிய ஃபைபர் ஒயர்) மடிந்து நசுங்கியிருக்கிறதா பாருங்கள். குறைந்தது டம்ளர் வாயளவு வளைவு இருக்கட்டும். அப்புறம் கனெக்டரின் நிறம்: பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் நேரானது. மாற்றிச் செருகினால் ஒளி நிறைய வீணாகும். கழற்றினால் முனையில் விரல் படக் கூடாது, சட்டை நுனியால் துடைக்கவும் கூடாது. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதல்ல.

ஒரு வீட்டுக்காக ஒளியை அளக்கும் பவர் மீட்டர் வாங்குவது தண்டச் செலவு. பெட்டி காட்டும் எண்ணே போதும்.

படி 5: கேபிள்காரரிடம் சொல்வது

"நெட் வரலை" என்றால் நாளைக்கு வருவார். "அண்ணே, பவர் மைனஸ் 28 காட்டுது, முன்னாடி 21 இருந்துச்சு. டிபி பாக்ஸ்ல எவ்வளவு வருதுன்னு பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும். டிபி பாக்ஸ் என்பது தெருவில் வீடுகளுக்கு ஃபைபர் பிரியும் பெட்டி. பாக்ஸில் 20, வீட்டில் 28 என்றால் இடையில் வரும் ஒயரில் கோளாறு. மரக்கிளை உரசும் இடத்தையோ ஜாயின்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். பாக்ஸிலேயே 27 என்றால் கோளாறு அதற்கும் முன்னால், கேபிள்காரர் பக்கம்.

பின்சேர்க்கை 1: பவர் -20, ஆனாலும் வேகம் இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் வைஃபை சமாச்சாரம். பவர் எல்லைக்குள் இருக்கும்வரை அதனால் வேகம் குறையாது. லேன் ஒயரில் லேப்டாப்பைச் செருகி அளந்து பாருங்கள். போனில் அளப்பதை நான் நம்புவதில்லை. பெரிய பிளான் எடுத்தும் ஒயரில் 94 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால், போர்ட்டோ ஒயரோ 100 எம்பிபிஎஸ் வகையைச் சேர்ந்தது.

பின்சேர்க்கை 2: -40 காட்டுகிறது என்றார் ஒருவர். பல பெட்டிகளில் அதற்கு அர்த்தம் ஒளியே இல்லை என்பதுதான்.

பின்சேர்க்கை 3: ஒரே ஃபைபரில் டிவியும் நெட்டும் வரும் வீடுகளில், டெக்னீஷியன் மீட்டரில் பவர் அருமை, பெட்டியில் மோசம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். டிவி 1550 நானோமீட்டரில் வருகிறது, நெட் 1490இல். சாதாரண மீட்டர் இரண்டையும் சேர்த்தே அளக்கும், டிவியின் பலமான ஒளி நெட்டை மறைத்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பெட்டி காட்டும் எண்ணையே நம்புங்கள்.