குளிர்காலமும் தண்ணீர் பைப்பும்: நாம் வழக்கமாக விடும் பிழைகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வீடு வாங்கிய அடுத்த வருடம், மே மாதத்தில் மிளகாய்க் கன்று நட்டுவிட்டுத் தண்ணீர் விடலாம் என்று வெளிக் குழாயைத் திறந்தேன். ஹோஸில் தண்ணீர் ஏனோ மெல்லத்தான் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கீழேயிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, பேஸ்மென்ட் சீலிங்கில மழை பெய்யுது!" சீலிங்கை வெட்டிப் பார்த்தபோது செம்புப் பைப்பின் வயிறு ஊதி, நீளவாக்கில் சுண்டுவிரல் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. வெடித்தது எந்த மாதக் குளிரிலோ, கண்டுபிடித்தது மே மாதத்தில்.

பிழை என்னுடையதுதான். அது உறையாத வகைக் குழாய். நாம் திருகும் பிடி வெளியே இருந்தாலும், தண்ணீரை நிறுத்தும் வால்வு ஓரடி உள்ளே தள்ளி வீட்டுச் சூட்டில் இருக்கும். பூட்டியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். நானோ ஹோஸைக் கழற்றவே இல்லை. நுனியில் துப்பாக்கி மாதிரியான தெளிப்பானோடு சுருட்டி மாட்டியிருந்தேன். வடிய வழியில்லாத தண்ணீர் அந்த ஓரடிக்குள் உறைந்து பைப்பைப் பிளந்துவிட்டது. உள்ளே வால்வு பூட்டியிருந்ததால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அக்டோபரில் ஹோஸைக் கழற்ற அரை நிமிடம் போதும். பழைய வீடென்றால் அந்தக் குழாய்க்கென்று பேஸ்மென்டில் ஒரு வால்வு இருக்கும். அதைப் பூட்டி, வெளிக் குழாயைத் திறந்துவிட்டு, வால்வின் பக்கத்திலுள்ள சின்ன மூடியைத் திருகி, நிற்கும் தண்ணீரை வாளியில் பிடித்துவிடுங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஐஸ் இருக்கும் இடத்தில்தான் பைப் வெடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பைப்புக்குள் ஐஸ் ஒரு தக்கை போல அடைத்துக்கொண்டு நீள்கிறது. அந்தத் தக்கைக்கும் பூட்டிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்கிறது. கடுங்குளிர் இரவுகளில் குழாயைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொல்வது இதனால்தான். ஓடும் தண்ணீர் லேசில் உறையாது என்பது ஒரு காரணம், அழுத்தம் வெளியேற வாசல் கிடைப்பது அதைவிடப் பெரிய காரணம். இதில் பலர் விடும் பிழை, ஒற்றைப் பிடிக் குழாயைக் குளிர்நீர்ப் பக்கம் திருப்பிச் சொட்டவிடுவது. வெந்நீர் பைப்பும் அதே சுவருக்குள்தான் ஓடுகிறது. பிடியை நடுவில் வையுங்கள். தண்ணீர் பில்லை நினைத்து மனம் பதறும், எனக்கும் பதறுகிறது. பிளம்பர் பில்லை ஒருமுறை பார்த்தவருக்கு அது போய்விடும்.

அடுத்தது குசினி. பாத்திரம் கழுவும் தொட்டி வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால், அதன் கீழுள்ள அலுமாரிக் கதவை மைனஸ் 20 (செல்சியஸ்) இரவில் சாத்திவைப்பது பைப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது போலத்தான். திறந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் உள்ளேயிருக்கும் சோப்பு, மருந்துகளை முதலில் எடுத்து உயரத்தில் வையுங்கள். பேஸ்மென்டில் ஆளில்லை என்று சூட்டுக்காற்று வரும் துவாரங்களை அடைப்பதும் இதே வகைப் பிழைதான்.

குளிரைத் தடுக்கச் சுவருக்குள் பஞ்சு வைப்பதில் ஒரு வேடிக்கை நடக்கும். பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் இருக்கவேண்டிய பஞ்சை, பைப்புக்கும் அறைக்கும் நடுவில் திணித்துவிடுவார்கள். அப்போது வீட்டுச் சூடு பைப்பை எட்டாது, குளிர் மட்டும் எட்டும். பைப்புக்குப் போர்த்தக் கடையில் விற்கும் கறுப்பு ஸ்பாஞ்சும் சூட்டை உண்டாக்குவதில்லை. நாம் கம்பளி போர்த்தினால் கதகதப்பாக இருக்கிறதென்றால் உடம்பில் சூடு இருக்கிறது. அசையாமல் நிற்கும் தண்ணீரில் சூடு ஏது? ஸ்பாஞ்ச் அது உறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

டெக்சாஸ் பக்கம் இருப்பவர்கள் இதையெல்லாம் கனடாக்காரன் கதை என்று விட்டுவிட வேண்டாம். 2021 பிப்ரவரி 16 அன்று டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 வரை இறங்கியது. டெக்சாஸில் பல இடங்களில் கரண்டும் இல்லை. அங்கே பல வீடுகளில் பைப்பைப் பரண் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் கொண்டுபோயிருந்ததால் எத்தனையோ வீடுகளில் சீலிங் பெயர்ந்து விழுந்தது. பாதுகாப்பில்லாத பைப்புக்கு வெளியே மைனஸ் 7 வந்தாலே ஆபத்து தொடங்குகிறது என்பது இலினாய் பல்கலைக்கழக ஆய்வு சொல்லும் கணக்கு.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரை நிறுத்திவிட்டுப் போகவே கூடாது. 13 பாகைக்குக் கீழே விடாதீர்கள், நான் 16-இல் வைப்பேன். போகுமுன், வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் பிரதான வால்வைப் பூட்டி, மேல்மாடியிலும் கீழேயும் குழாய்களைத் திறந்து, டாய்லெட்டை ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிடுங்கள். வெந்நீர் ரேடியேட்டரால் சூடாகும் வீடென்றால் பூட்டுமுன் பிளம்பரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆளில்லாத வீட்டை இத்தனை நாளுக்கொருமுறை யாராவது வந்து பார்க்கவேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு. திறப்பை வாங்கிய நண்பர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதாது, உள்ளே இறங்கி, வீடு சூடாக இருக்கிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

சரி, எல்லாம் செய்தும் ஒரு காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போது காஸ் டார்ச்சை மட்டும் எடுக்காதீர்கள். சுவருக்குள் இருப்பது மரச்சட்டம், தீப்பிடிக்க ஒரு நொடி போதும். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, ஹேர் டிரையரால் குழாய்ப் பக்கமிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி மெல்லப் போங்கள். தரையில் தண்ணீர் நின்றால் டிரையரைத் தொடவே வேண்டாம். பைப் ஏற்கெனவே பிளந்திருந்தால் ஐஸ் உருகிய பிறகுதான் தண்ணீர் பீறிடும். ஆகவே பிரதான வால்வு எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ரொறன்ரோ வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்டில், மீட்டருக்குப் பக்கத்தில். அன்று மகள் கத்தியபோது நான் வெளிக் குழாயைப் பூட்டிவிட்டு, பிரதான வால்வைத் தேடி அரிசி மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது, அரிசி மூட்டை எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.