மிஷனெரி ஊழியத்துக்கு ஆயத்தமாகும்போது "இப்போது முடியாது" என்று பதில் வந்தால்

மிஷனெரிகளை அனுப்பும் அமைப்பிடமிருந்து வந்தது இரண்டே வரி மின்னஞ்சல்தான். ஜெபத்தோடு பரிசீலித்தோம், மருத்துவ அறிக்கையின் காரணமாக உங்களை இப்போது அனுப்ப இயலவில்லை. இரண்டு வருஷம் ஆயத்தப்பட்டிருந்தேன், பயிற்சி முடித்திருந்தேன், போகவேண்டிய இடத்தின் மொழியில் பதின்மூன்று பாடம் படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அந்த இரண்டு வரியை எத்தனை தடவை திறந்து திறந்து வாசித்தேன் என்று கணக்கே இல்லை. அதைவிடக் கஷ்டம் அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் "எப்போ கிளம்புறீங்க?" என்று ஆளாளுக்கு அன்பாகக் கேட்பார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பதில் வந்திருந்தால், நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் காரியம், அன்றைக்கே சாட்சி சொல்லப் போகாதீர்கள். "எல்லாம் நன்மைக்கே, கர்த்தருடைய சித்தம்" என்று வாய் உடனே சொல்லிவிடும், நெஞ்சு அந்த இடத்துக்கு வந்தே இருக்காது. 13-ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம், அதில் முதல் இரண்டிலேயே நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று தாவீது கேட்கிறான், நம்பிக்கையின் பேச்சு ஐந்தாம் வசனத்தில்தான் வருகிறது. அந்த நான்கு கேள்விகளைத் தாண்டிக் குதித்து ஐந்தாம் வசனத்துக்கு ஓடவேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு அழுங்கள், கோபம் இருந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள். அவரிடம் சொல்லாத கோபம் அப்புறம் தேர்வுக் குழுவின்மேலும் வீட்டாரின்மேலும் போய் விழும், இது என் வீட்டில் நடந்தது.

சரி, அழுகை கொஞ்சம் அடங்கியபின் செய்யவேண்டியது, எந்தக் காரணத்தால் கதவு அடைபட்டது என்று சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, "கர்த்தர் வேண்டாம் என்றுவிட்டார்" என்று மொத்தமாக முடித்துக்கொள்கிறார்கள். அனுப்பும் அமைப்பிடம் மரியாதையாக எழுதிக் கேளுங்கள்: காரணம் உடல்நிலையா, கடனா, விசாவா, பணம் கொடுத்துத் தாங்குவோர் போதாதா, குடும்பப் பொறுப்பா, இன்னும் பயிற்சி வேண்டுமா, மறுபடி விண்ணப்பிக்கலாமா, எப்போது? கடன் என்றால் அடைக்கலாம், பயிற்சி என்றால் படிக்கலாம், உடல்நிலை என்றால் ஒரு நல்ல மருத்துவரிடம் எது சரியாகும் எது சரியாகாது என்று நேராகக் கேட்கலாம். "குழுவாக வேலை செய்ய உங்களுக்கு இன்னும் பக்குவம் வேண்டும்" என்று சொல்லியிருந்தால் அதுதான் அதிகம் வலிக்கும், ஆனாலும் அதைத் தள்ளிவிடாமல் உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் இது உண்மையா என்று கேளுங்கள். முதல் ஊழியப் பயணத்தில் பெர்கே பட்டணத்திலிருந்து பாதியில் திரும்பிப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குக் கூட்டிப்போக பவுல் மறுத்துவிட்டார், அதே பவுல் கடைசிக் காலத்தில் அவனை அழைத்து வரச்சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதினார், ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்றும் சொன்னார். நடுவில் பல வருஷங்கள் இருக்கின்றன.

என்னைத் தூக்கி நிறுத்தியது அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம். பவுல் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லப் பார்க்கிறார், ஆவியானவர் தடுக்கிறார். அதற்கு வடக்கே இருந்த பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதற்கும் இடமில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, கடலோரத்தில் துரோவா வரைக்கும் நடந்துபோன பிறகுதான் மக்கெதோனியாவுக்கு வந்து உதவிசெய்யும் என்று ஒருவன் அழைக்கிற தரிசனம் வருகிறது. இதுவரை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அதற்கு மேலும் பாருங்கள்: அடைபட்ட அதே ஆசியாவில், எபேசு பட்டணத்தில், பவுல் பின்னால் இரண்டு வருஷம் தினமும் போதித்தார், 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பித்தினியாவுக்கு அவர் போனதாக எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் பேதுரு தன் முதல் நிருபத்தை எழுதும்போது அங்கே விசுவாசிகள் இருக்கிறார்கள், வேறு யாரோ போயிருக்கிறார்கள். ஒரு கதவு அவருக்கே பிறகு திறந்தது, இன்னொன்று வேறொருவருக்குத் திறந்தது. என்னுடையது எந்த வகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் அந்த ஜனங்கள் மறக்கப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல், ஏனென்றால் அவர்களுக்காகத்தானே நான் போக நினைத்தேன்.

அயர்லாந்தில் பிறந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் சீனாவுக்குப் போக விரும்பினார், உடல்நிலையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893-இல் ஜப்பான் போனார், அங்கும் உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பினார், 1895-இல் இந்தியா வந்து 1951-இல் தாம் ஊழியம் செய்த, திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் மரிக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. நம் எல்லாருக்கும் இப்படித்தான் முடியும் என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன். மருத்துவர் மறுத்த அன்று அவருக்கும் டோனாவூர் தெரியாது, அதற்காகச் சொல்கிறேன்.

செய்யக்கூடாதவை இரண்டு. அடைபட்ட அதே வாரத்தில் கோபத்தோடு வேறு நான்கு அமைப்புகளுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பணம் கொடுத்தவர்களுக்குத் தாமதிக்காமல் உண்மையை எழுதுங்கள். இன்னது நடந்தது, உங்கள் காணிக்கை இவ்வளவு கையில் இருக்கிறது, திருப்பித் தரட்டுமா, அமைப்பின் விதிப்படி வேறு பணித்தளத்துக்குப் போகட்டுமா என்று கேளுங்கள். நான் இதை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், அந்த மாதம் முழுவதும் ஜெபிக்கவே கூச்சமாக இருந்தது. சபையில் கேட்கிறவர்களுக்கு ஒரே பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "இப்போது போகவில்லை, எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஜெபியுங்கள்." அவ்வளவு போதும், முழுக்கதையும் போதகருக்கும் நெருங்கிய ஒருவருக்கும் சொன்னால் போதும்.

அப்புறம், ஆயத்தத்தில் எதை நிறுத்தத் தேவையில்லையோ அதை நிறுத்தாதீர்கள். அந்த ஜனங்களுக்காக ஜெபிக்க மருத்துவ அறிக்கை தேவையில்லை. ஆறு வாரம் கழித்து மொழி நோட்டை எடுத்தேன், பதின்மூன்றாம் பாடத்தோடு நின்றிருந்தது, பாதி வார்த்தைகள் மறந்துபோயிருந்தன. அடுத்த பக்கத்தில் தேதி போட்டுப் பதினான்காம் பாடத்தை எழுத ஆரம்பித்தேன்.