ஆயில் கசிவா? முதலில் பிசிவி வால்வைப் பாருங்கள்

காரைக்குடியில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய பெட்ரோல் கார்களில் பல, மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றவை. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வந்தால்தான் வண்டி ஓடும். "தம்பி, சீல் மாத்தியும் ஆயில் கசியுதே" என்றார் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர். புதுச் சீல் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆயில் மூடியைத் திறந்தேன். அடியில் மஞ்சளாகப் பசை.

பிஸ்டன் ஓரமாகக் கீழே நழுவும் புகையை உறிஞ்சி, காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாகத் திரும்ப எரிய விடுவதுதான் பிசிவி வால்வின் வேலை. இது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் பிதுங்கும். திறந்தபடி சிக்கினால் ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதுள்ள ஓட்டம், சீராக நிற்காது. சந்தைக்கு மட்டும் போய்த் திரும்பும் வண்டியில் இஞ்சின் சூடேறுவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கிப் பசையாகி, வால்வை அடைக்கிறது.

வால்வு பெரும்பாலும் இஞ்சின் மேல்மூடியான டேப்பெட் கவரில், ரப்பர் புஷ்ஷுக்குள் செருகியிருக்கும். இஞ்சின் ஓடும்போது அதை உருவி, வால்வின் துளையில் விரல் வையுங்கள். நன்றாக இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால், வால்விலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸிலும் அடைப்பு இருக்கலாம். பிறகு இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, வால்வைக் குலுக்குங்கள். 'கடகட' சத்தம் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். கழுவிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, விலை அப்படியொன்றும் இல்லை.

பழைய புஷ் காய்ந்து நொறுங்கும். துண்டு உள்ளே விழாமல் மெதுவாக எடுங்கள், புதுப் புஷ்ஷே போடுங்கள். ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பும் எலிக்கடியும் தெரியும். கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாய் வேண்டாம், ஆயில் பட்டால் ஊதிவிடும். வால்வும் உங்கள் மாடலுக்கு உரியதாகவே இருக்கட்டும். உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் வேறு.

சிலர் ஹோஸில் போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டு, புகையை ஒரு குழாயில் வண்டிக்கு அடியில் விடுவார்கள். அதை நான் செய்து தருவதில்லை. நெடி காருக்குள்ளேயே வரும், சீலும் திரும்பப் போகும்.

மாட்டியபின் ஆயிலையும் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த பழைய ஆயிலின் ஆவி இதே வழியாக எரிய வந்து, புகையில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) அளவை ஏற்றும். தேவகோட்டை வரை ஒரு ஓட்டு ஓட்டி, சூடாகவே புகைச் சோதனைக்கு விடுங்கள். பிஎஸ் 2 (பாரத் ஸ்டேஜ் 2) புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார் என்றால் ஸ்லோவில் சி.ஓ. 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கார்புரேட்டர் மிக்சர் திருகைப் பார்க்கச் சொல்லுங்கள்.