வின்சருக்கு வேலைக்கு வரும் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு: கூலி எவ்வளவு, எங்கே கழியும்

ரொறன்ரோ வாடகை கட்டுப்படியாகாமல் ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலைக்கு, வின்சருக்கு, வந்து இறங்கியிருக்கிறவர்களுக்கும், களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ இப்போதுதான் பெட்டி கட்டுகிறவர்களுக்கும் இது.

கடதாசி வேலை பெரிய சிரமமில்லை. சர்வீஸ் கனடா அரச அலுவலகத்தில் சின் எனும் சமூகக் காப்பீட்டு இலக்கம் எடுங்கள், காசு இல்லை. 9இல் தொடங்கினால் அது தற்காலிகம். வேலை அனுமதியைப் புதுப்பிக்கும்போது அதையும் புதுப்பிக்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. ஊரை விட்டு வெளிக்கிடுமுன் பழைய வேலையிடங்களில் சேவைக் கடிதமும் என்.வி.கியூ தொழில் தகைமைச் சான்றிதழும் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள், இங்கிருந்து கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வயரிங் தெரிந்தவர்கள் இங்கே உரிமமோ பதிவு செய்த பயிலுநர் இடமோ இல்லாமல் அந்த வேலையைத் தொட முடியாது. வெல்டிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சோதனைத் துண்டு ஒட்டிக் காட்டினால் எடுப்பார்கள்.

இனி வின்சர் நிலவரம். 2021 கணக்கெடுப்பில் வின்சர் பெருநகரப் பகுதியில் சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர். வாகன உற்பத்தியை நம்பி வாழும் ஊர். ஸ்டெல்லாண்டிஸ் வாகனத் தொழிற்சாலை ஒரு கிழமை மூடினால் ஆசனம், கதவு, பிளாஸ்டிக் பாகம் செய்யும் சின்னக் கம்பனிகளும் அதே கிழமை ஆட்களை வீட்டுக்கு அனுப்பும். 2020 ஜூலையில் அங்கே மூன்றாவது ஷிப்ட் நின்றது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வாகன வரி வந்ததும் இரண்டு கிழமை மூடினார்கள். அந்த வருட நடுப்பகுதியில் இந்த ஊரின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது.

மாதாமாதம் செய்தியில் சொல்லும் அந்தச் சதவீதம் பெருநகரங்களுக்கு மூன்று மாதச் சராசரியாகத்தான் வருகிறது. ஒரு ஆலை இன்று மூடினால் எண்ணில் முழுதாகத் தெரிய மாதக்கணக்காகும். சராசரிக் கூலி ஏறியது என்ற செய்தியையும் அப்படியே விழுங்க வேண்டாம். குறைந்த கூலிக்காரரை முதலில் நிறுத்தினால் மிஞ்சியவர்களின் சராசரி தானாக ஏறும், ஒருவருக்கும் ஒரு சதம் கூடியிராது.

கனடா அரசின் ஜொப் பேங்க் வேலைத் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது, நடுவில், கூடியது என்று மூன்று எண் இருக்கும். நம்மாட்கள் நடு எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் வின்சருக்கு மட்டும் உரியதல்ல, தளம் அதைத் தரும் பகுதியின் பெயர் வின்சர்–சார்னியா. சார்னியாவின் எண்ணெய், இரசாயன ஆலைகளில் கூலி அதிகம், அதுவும் இதற்குள் கலந்திருக்கிறது. தொழிற்சங்கம் உள்ள பெரிய ஆலையில் 2023 ஒப்பந்தப்படி புதியவர் உச்சக் கூலிக்கு ஏற 4 வருடம். புதிதாக வந்தவர் அந்த வாசலால் நுழைவது அபூர்வம். நீங்கள் நுழைவது ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக, எனவே பார்க்க வேண்டியது குறைந்த எண்ணை. ஒன்ராறியோவின் அடிமட்டக் கூலி 2025 ஒக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர்.

வின்சருக்குப் பக்கத்து லெமிங்டன் கண்ணாடிக்கூடத் தோட்டங்களுக்கு வேன் ஏறுகிறவர்களும் கேளுங்கள். தக்காளி, வெள்ளரி பறிக்கும் வேலைக்கு மேலதிக நேரத்துக்கான ஒன்றரை மடங்குச் சட்டம் இல்லை. 60 மணித்தியாலம் செய்தாலும் அதே விலைதான். ஆலையிலோ களஞ்சியத்திலோ என்றால் கிழமைக்கு 44 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு தர வேண்டும்.

இப்போது நம்மாட்கள் விழும் பொறிக்கு வருவோம். ஊரில் வயற்காரப் போடியாரிடமோ அவருக்கு வயல் பார்க்கும் முல்லைக்காரரிடமோ வாய்ச்சொல்லில் கூலி பேசி, வேளாண்மை வெட்டு முடிந்ததும் காசாகவோ நெல்லாகவோ வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். அதே நம்பிக்கையில், தமிழ் பேசும் ஒரு ஏஜென்சிக்காரர் "வரி வெட்டமாட்டம் தம்பி, முழுக் காசும் கைக்கு, நீங்க சுயதொழில் எண்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றதும் போட்டுவிடுகிறோம். எங்கட ஆள்தானே! எரிச்சல் வருவதே அந்த இடத்தில்தான்.

மணிக்கு 18 டொலர், கிழமைக்கு 40 மணி, வருடத்தில் 50 கிழமை, மொத்தம் 36,000 என்று வையுங்கள். ஊர் இ.பி.எஃப் போல இங்கே சி.பி.பி. எனும் ஓய்வூதியக் கழிவு. முதல் 3,500 டொலரைக் கழித்து, மிச்சத்தில் தொழிலாளி 5.95 சதவீதம், முதலாளி 5.95 சதவீதம். சுயதொழில் என்றால் இரண்டு பங்கும் உங்கள் தலையில்: 1,934க்குப் பதிலாக 3,868 டொலர். அடுத்த வருடம் வரி நிரப்பும்போது வருமான வரியோடு சேர்த்து ஒரே தொகையாகக் கேட்பார்கள். 4 சதவீத விடுமுறைச் சம்பளம் 1,440 போச்சு. வருடத்தின் 9 பொது விடுமுறைக் கூலி, ஏறத்தாழ 1,300, அதுவும் போச்சு. ஈ.ஐ. எனும் வேலையிழப்புக் காப்பீட்டுக் கழிவு இல்லாததால் சுமார் 590 டொலர் மிச்சம்தான். ஆனால் ஆலை மூடுகிற நாளில் அந்த 590தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஏனென்றால் வேலை நின்றால் ஈ.ஐ. பழைய சம்பளத்தில் 55 சதவீதம், ஓர் உச்சவரம்புக்குள், தரும். வின்சர் அதற்குத் தனி வலயம். வேலையின்மை 6 சதவீதத்துக்குள் என்றால் 700 மணி வேலை காட்ட வேண்டும், 10.1 முதல் 11 வரை என்றால் 525 போதும், 13.1இலிருந்து 420. வின்சர் நிலவரம் கெடக் கெட உங்களுக்குத் தேவையான மணி குறையும், அந்த எண் மாதாமாதம் மாறும். "சுயதொழில்" ஆட்களின் மணித்தியாலம் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது. விரல் மெஷினில் மாட்டினால் வேலையிட விபத்துக்கான டபிள்யூ.எஸ்.ஐ.பி. நட்டஈட்டுக்கும் இழுபறிதான்.

ஆகவே முதல் கிழமையே பே ஸ்டப் எனும் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். சம்பளக் காலம், மணிக்கூலி, மொத்தம், ஒவ்வொரு கழிவும் தனித்தனியாக, கைக்கு வருவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். காசு வந்தது என்று சொல்லும் வெறும் இ-ட்ரான்ஸ்பர் குறுஞ்செய்தி பே ஸ்டப் ஆகாது. வேன் காசு கழிப்பதற்குத் தொகை குறித்த உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வேலை எடுத்துத் தந்ததற்கு ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்கவே கூடாது. 2024 ஜூலை முதல் ஒன்ராறியோவில் ஏஜென்சிக்கு உரிமம் கட்டாயம், மாகாணத் தொழில் அமைச்சின் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரியும். அங்கே பெயர் இல்லை என்றால் வேனில் ஏற வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் பதற வேண்டாம். எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லி, அவர்கள் மெஷினில் வேலை செய்தால் கடதாசியில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் உங்களைத் தொழிலாளியாகவே பார்க்கும். நீங்கள் தொழிலாளியா, சுயதொழிலா என்று கனடா வருமான முகவரகத்திடம் சி.பி.பி., ஈ.ஐ. தீர்ப்புக் கேட்கலாம், இலவசம், வேலை செய்த வருடத்துக்கு அடுத்த வருட ஜூன் 30க்கு முன் கேட்க வேண்டும். விடுமுறைக் காசும் மேலதிக நேரக் காசும் மாகாணத் தொழில் அமைச்சில் 2 வருடத்துக்குள் கோரலாம். அதற்கு வேன் ஏறிய நேரம், இறங்கிய நேரம், மேற்பார்வையாளரின் பெயர் மூன்றையும் தினமும் ஒரு கொப்பியில் குறித்து, ஏஜென்சியின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். வேலை நின்றால் முதலாளி தரும் ஆர்.ஓ.ஈ. எனும் வேலைப் பதிவுக் கடதாசி வரும் என்று காத்திருக்க வேண்டாம், கடைசி நாளிலிருந்து 4 கிழமைக்குள் ஈ.ஐ.க்கு விண்ணப்பித்துவிட்டு மறுகா அதைத் துரத்தலாம்.